பிடி விட்ட மண்

அன்றைக்கு எனக்கு விடுமுறை. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. நியூசிலாந்தில், வளைந்து வளைந்து ஓடும் ஒரு சின்ன ஆற்றின் கரையில் வளர்ந்த புறநகர் அது. நானும் என் கணவரும் அங்கே ஒரு மர வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவர் எலக்ட்ரீஷியன், காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். பெரிய லாரி ஒன்று வீட்டை உரசிக்கொண்டு வருவதைப்போல ஓர் இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் தரை என்னைத் தூக்கிப் பக்கவாட்டில் எறிந்தது.

தவழ்ந்துபோய் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்தேன். மேசைக் காலைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மேசையும் என்னோடு நகர்ந்தது. எவ்வளவு நேரம் ஆட்டம் இருந்தது என்று யார் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. நின்றது என்று உறுதியானதும் வாசலுக்கு ஓடினேன். வீடு நின்றுகொண்டிருந்தது. கூரை இருந்தது. தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் புல்வெளி வாயைத் திறந்தது. கோடு கிழித்ததுபோல் ஒரு விரிசல். அதிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் உலை கொதிப்பதுபோல் குமிழ்விட்டு வந்தது. தண்ணீரோடு மண்ணும் வந்தது. கோதுமை மாவைப்போல அவ்வளவு நைசான மண். பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டுச் செருப்போடு தோட்டத்தில் நின்று, "குழாய் எதுவும் உடைந்துவிட்டதா?" என்று என்னிடம் கேட்டார். நானும் குழாய்தான் என்று நினைத்தேன். ஆனால் அவருடைய தோட்டத்திலும் அதே சேறு, எதிர்வீட்டிலும் அதே சேறு. தெருவில் நின்ற ஒரு காரின் முன்சக்கரங்கள் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாருக்குள் இறங்கின. பாதாளச் சாக்கடையின் சிமென்ட் தொட்டி ஒன்று, யாரோ அடியிலிருந்து தள்ளுவதைப்போல, சாலைக்கு மேலே எழும்பி நின்றது.

எங்கள் வீடு விழவில்லை. சாய்ந்தது. கதவுகள் சட்டத்தில் பொருந்தவில்லை. பூமிக்கடியில் எல்லாக் குழாயும் அறுந்து கிடந்ததால் குடிக்கவும் தண்ணீர் இல்லை, கழிப்பறைக்கும் வழியில்லை. ஊரே மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக அந்தச் சாம்பல் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தது. அள்ளிய இடத்தில், பின்னதிர்வு ஒன்று வந்தால், மறுபடியும் ஊறியது.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் வீடு சற்றுத் தள்ளி, மேட்டுப் பக்கம் இருந்தது. சைக்கிளில் போகிற தூரம்தான். அவள் வீட்டில் அலமாரியிலிருந்து புத்தகங்கள் விழுந்திருந்தன. அன்று மாலையே எடுத்து அடுக்கிவிட்டாள். அதே குலுக்கல்தான் அவளுக்கும். எங்களுக்கு வீடே போயிற்று. இது எனக்குப் புரியவேயில்லை. வீடுகளைச் சோதிக்க வந்த பொறியாளரிடம் கேட்டேன். பொறுமையான மனிதர். அவர்கள் மேட்டில் கெட்டியான சரளைத் தரையில் இருக்கிறார்கள், நீங்கள் பழைய சதுப்பு மேல் இருக்கிறீர்கள் என்றார்.

அவர் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த வழியில் புரிந்துகொண்டேன். டப்பாவில் அரிசியைக் கொட்டிவிட்டு ஒரு தட்டு தட்டினால் அரிசி இறங்கும். அதற்கு முன்னால் ஒன்றின் மேல் ஒன்று தொத்திக்கொண்டு நின்ற அரிசிகள், அதிர்ச்சியில் பிடி விட்டு இடைவெளிகளில் விழுகின்றன. மண்ணும் அப்படித்தான். மண்மணிகளுக்கு நடுவில் தண்ணீர் நிரம்பியிருந்தால் இன்னும் மோசம். இறங்க வேண்டிய மண்ணுக்குத் தண்ணீர் இடம் விடாது. தண்ணீருக்கும் ஓட வழியிருக்காது. கொஞ்ச நேரத்துக்கு மண் மண்ணாகவே இருக்காது, கூழாகிவிடும். கூழின் மேல் வைத்த வீடு என்ன ஆகும்?

கடைசியில் அந்தத் தெருவில் இனி வீடே வேண்டாம் என்று முடிவுசெய்து, இருந்தவற்றை இடித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் மகன் வீட்டுக்குப் போனார். நாங்கள் மேட்டுப் பக்கம் வேறு வீடு பார்த்துக்கொண்டு சில ஆண்டுகள் இருந்தோம். ஊரில் அம்மா இறந்த பிறகு அப்பா தனியாகிப் போனதால், புதுக்கோட்டைக்கே திரும்பிவிட்டோம்.

அப்பா அரசுப் பேருந்து டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். அறந்தாங்கி ரூட்டில்தான் பாதி ஆயுள் போயிற்று. நாங்கள் வெளிநாட்டில் இருந்தபோதே, திருமயம் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் புதிதாகப் போட்ட மனைப்பிரிவு ஒன்றில் எங்களுக்காக ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். போன் செய்யும்போதெல்லாம் அந்த மனையைப் பற்றித்தான் பேச்சு. கிழக்குப் பார்த்த மனை, முப்பதடி ரோடு, பஸ் ஸ்டாப் பக்கம். மாடியில் அவருக்கென்று ஓர் அறை, அறைக்கு வெளியே உட்கார்ந்து சாலையில் போகும் பஸ்களைப் பார்க்க ஒரு பால்கனி. எல்லாம் முடிவுசெய்து வைத்திருந்தார்.

ஊருக்கு வந்த வாரமே என்னைக் கூட்டிப்போனார். வரிசையாக நட்ட எல்லைக் கற்கள், நடுவில் புல். எங்களுக்கு முன்னாலேயே அங்கே ஏழெட்டுப் பேர் வீடு கட்டிக் குடியேறியிருந்தார்கள். அப்பா மனையின் நடுவில் நின்று, கையை நீட்டி, "இங்கிட்டு ஹால், அங்கிட்டு அடுப்படி" என்று காட்டினார். நான் அவர் கையைப் பார்க்கவில்லை. தெருவின் மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு நேராக நின்றன. அடுத்த இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருந்தன. பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் தலை நேர்கோடாக இல்லை, நடுவில் தொங்கியது.

"இந்த எடம் முன்னாடி என்னவாப்பா இருந்துச்சு?"

"என்னவா இருக்கும், பொட்டக்காடுதான்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் ஓட்டுனது அறந்தாங்கி வண்டி. இந்தப் பக்கம் எனக்கு என்ன தெரியும்? ஏன் ஆத்தா கேக்குற?"

கம்பத்தைக் காட்டினேன். அவர் சிரித்தார். "கம்பம் நட்டவன் அவசரத்துல நட்டுருப்பான்" என்றார்.

மனைக்குப் பக்கத்து வீடு ஓய்வுபெற்ற ஒரு டீச்சருடையது. கணவர் இல்லை; மகள் சென்னையில். நான் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தது தெரிந்து, முதல் நாளே என்னை சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பூமிபூஜைக்கு நாள் பார்த்திருப்பதைச் சொல்ல ஒரு நாள் நானும் அப்பாவும் போனபோது, காபி போட்டுக் கொடுத்தார். அப்போது மெயின் ரோட்டை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. மண் கொட்டி, அதன் மேல் அதிர்ந்துகொண்டே உருளும் பெரிய ரோலரை ஓட்டுவார்கள்.

ரோலர் தெருமுனைக்கு வந்தது. முதலில் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாதத்தில் ஒரு துடிப்பு. அடுத்து ஜன்னல் கம்பி சிணுங்கியது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. காபியைக் கீழே போட்டுவிட்டு, டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அப்பா பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர், ரோடு ரோலரு. பயந்துட்டீங்களா?" டீச்சர் என் முதுகைத் தடவினார். சேலையெல்லாம் காபி. வெட்கமாக இருந்தது.

சமாதானமாகி உள்ளே திரும்பும்போதுதான் சுவரைக் கவனித்தேன். ஜன்னலின் மூலையிலிருந்து கூரையை நோக்கிப் படிக்கட்டு ஏறுவதுபோல் ஒரு விரிசல். ஒரு கட்டைவிரல் நுழையும். முன்னால் போர்டிகோ வீட்டிலிருந்து பிரிந்து, இடையில் வெளிச்சம் தெரிந்தது.

"இது எப்பருந்து டீச்சர்?"

"முடி மாதிரி கோடு முன்னாடியே இருந்துச்சு. போன மழைக்குக் கொஞ்சம் பெருசாச்சு. இந்த ரோலரு ஓட ஆரம்பிச்சதுலருந்து தெனம் வளருது. கொத்தனார் வந்து சிமெண்டு வச்சுப் பூசுனாரு. ஒரு வாரத்துல மறுபடி விட்டுருச்சு. கக்கூஸ் தண்ணியும் சரியாப் போக மாட்டேங்குது."

நான் வெளியே வந்து தெரு முழுக்க நடந்தேன். டீச்சர் வீட்டுக்கு எதிரிலும் அதற்கு அடுத்ததிலும் விரிசல் இருந்தது. அதே சாலையை ஒட்டி, அடுத்த தெருவில் இரண்டு வீடுகள். டீச்சர் வீட்டைக் கட்டிய அதே மேஸ்திரி கட்டியவை. ரோலர் அவற்றையும் அதே அளவு உலுக்கிக்கொண்டுதான் போனது. அங்கே சுண்ணாம்புகூட உதிரவில்லை. அந்த வீடுகளின் வாசலில் செம்புறாங்கல் தரை கருத்துப்போய் வெளியே தெரிந்தது. கடப்பாரை போட்டால் எகிறும்.

அலமாரிப் புத்தகங்களை அடுக்கிவைத்த அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள். அங்கேயே நின்று முடிவெடுத்தேன். நம் மனைக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் என்னிடம் குரலை உயர்த்தியதே கிடையாது.

"நான் பாத்து வாங்குன எடத்தத் தோண்டிப் பாக்கணுங்கிறியா?"

"எடத்தத்தான்ப்பா தோண்டுறேன். ஒங்கள இல்ல."

"நம்ம ஊர்ல எங்க ஆத்தா நெலநடுக்கம் வருது? எனக்குத் தெரிஞ்சு ஒரு பானை உருண்டதில்ல. நீ அங்க பாத்தத இங்க கொண்டாந்து வச்சுக்கிட்டுப் பேசுற."

"வரும்னு நான் சொல்லல. டீச்சர் வீட்டுச் சுவர பாத்தீங்கல்ல? அதுக்கு நெலநடுக்கமா வந்துச்சு?"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். என் கணவர் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார். மாமனாரையும் பகைக்க முடியாது. சேற்றை அள்ளி அள்ளி உள்ளங்கை கொப்புளித்ததையும் மறக்க முடியாது. கடைசியில், "தோண்டுறதால என்ன மாமா போயிரும்? அஸ்திவாரத்துக்கு எப்படியும் தோண்டத்தானே போறோம்" என்றார். அப்பா அவரோடும் பேச்சை நிறுத்தினார். பூமிபூஜை நாளை நான் ஒத்திவைத்தேன். சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொன்னதும் நான்தான். வெளிநாட்டுக்குப் போய்வந்த திமிர் என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். சொல்லட்டும்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஜேசிபி வந்தது. அப்பா வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஆனால் வண்டி முதல் வாளி மண்ணை அள்ளும்போது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருமுனையில் நின்றார்.

மேலே அழகான சிவப்பு கிராவல். பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். அடுத்த வாளியில் நிறம் மாறியது. உடைந்த ஓடு, செங்கல் துண்டு, கருகிய மரம், அவற்றோடு பாலிதீன் பைகள். ஒரு பையில் ஜவுளிக்கடையின் பெயர் இன்னும் படிக்க முடிந்தது. அதற்கும் கீழே கறுப்புச் சேறு, உள்ளே நத்தை ஓடுகள். ஏதோ கண்மாயைத் தூர்வாரி அந்த வண்டலை இங்கே கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். ஜேசிபி கை எட்டிய மட்டும் போயிற்று. கெட்டித் தரை தட்டுப்படவில்லை. குழியின் ஓரத்திலிருந்து மண் தானாகவே சரிந்து விழுந்துகொண்டிருந்தது. அடியில் மெதுவாகத் தண்ணீர் கசிந்தது. டீச்சர் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எங்கோ உடைந்து இந்தப் பக்கம் வருகிறது என்பது நாற்றத்திலேயே தெரிந்தது.

கிராவல் வெட்டிய பழைய பள்ளம் அது. வெட்டியவர்கள் போன பிறகு, கிடைத்ததையெல்லாம் கொட்டி மூடி, மேலே சிவப்பு மண்ணைப் பரப்பி, எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள்.

அப்பா குழியின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். சரியும் என்று பயந்து அவர் தோளைப் பிடித்தேன். பார்த்துக்கொண்டேயிருந்தார். திரும்பி, டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். அன்று மதியம் சாப்பிடவில்லை. நான் தட்டோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏமாந்துட்டேன் ஆத்தா" என்றார்.

"மேல செம்மண்ணப் போட்டு மூடுனா யாருக்குத்தான்ப்பா தெரியும்? நான் இருந்தாலும் வாங்கிருப்பேன்."

அது ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை. உண்மை. சதுப்பின் மேல் வாடகைக்குக் குடியிருந்தவள்தானே நான்.

மண்ணைச் சோதிக்க ஒரு பொறியாளரைத் தேடினோம். கறம்பக்குடிப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். முக்காலி ஒன்றை நட்டு, அதில் கனமான இரும்புக் குண்டை ஏற்றி ஏற்றிப் போட்டு, ஒரு குழாயை மண்ணில் இறக்கினாள். மனையின் முன்பாதியில் குழாய், அவல் மூட்டையில் கம்பி சொருகியதுபோல் சரசரவென்று இறங்கியது. பின்பக்கம் போகப் போக அது முரண்டு பிடித்தது. பின்சுவர் ஓரத்தில் கொஞ்ச ஆழத்திலேயே நங்கென்று நின்றது. மனைக்குள்ளேயே பள்ளத்தின் கரை ஓடுகிறது என்று விளக்கினாள்.

நான் அவளிடம் நியூசிலாந்தில் பார்த்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அங்க நடந்தது அப்படியே இங்க நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. இது நடுக்கம் கொறைஞ்ச பகுதிதான். ஆனா கொறைச்சல்னா இல்லவே இல்லன்னு அர்த்தமில்ல. அதவிட, இந்த மாதிரி கொட்டுன மண்ணுக்குப் பெரிய நெலநடுக்கமே தேவையில்ல. ரோலரு போதும். ரெண்டு மழை போதும். சின்னதா ஒண்ணு வந்தாக்கூட, பக்கத்துத் தெருவுல படுத்திருக்கறவங்க பொரண்டு படுப்பாங்க, இங்க இருக்கறவங்க வெளிய ஓடணும்."

வழிகளையும் அவளே சொன்னாள். விற்றுவிடலாம். இல்லாவிட்டால் கெட்டித் தரை வரை கான்கிரீட் கால்களை இறக்கலாம். அதுவும் இல்லையென்றால் வீட்டைச் சின்னதாக்கிப் பின்பக்கம் தள்ளிக் கட்டலாம். அங்கே கொட்டிய மண் முழுவதையும் எடுத்துவிட்டு, நல்ல மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும்.

என் கணவருக்கு விற்றுவிட ஆசை. "யாருக்கு விக்கிறது?" என்று கேட்டேன். "சொல்லிட்டு வித்தா வாங்க ஆளில்ல. சொல்லாம வித்தா வாங்குன குடும்பம் இதுக்கு மேல வந்து படுக்கும்." அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்ப பின்னாடி தள்ளிக் கட்டுவோம்" என்றார்.

வீட்டு வேலையைத் தொடங்குவதற்குள் டீச்சர் வீடு எங்களை இழுத்துக்கொண்டது. சாலை வேலை அவர் வாசலை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் அவர் போன் செய்தார். சமையலறைச் சுவரிலிருந்து ஒரு பத்தை பெயர்ந்து விழுந்திருக்கிறது. அடுப்பு மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நானும் டீச்சரும் எதிர்வீட்டுப் பெண்ணும் போய் ரோலருக்கு முன்னால் நின்றோம். டிரைவர் ஹாரன் அடித்தார். நாங்கள் நகரவில்லை. சைட் இன்ஜினியர் பைக்கில் வந்து இறங்கினார்.

"அம்மா, கவர்மெண்ட் வேலைய நிப்பாட்டக் கூடாதும்மா. தள்ளுங்க."

"வேலைய நிப்பாட்டச் சொல்லல சார். வீட்டுக்குள்ள வந்து ஒரு நிமிஷம் நில்லுங்க. வெளிய வண்டி ஓடட்டும்."

"வீடு கட்டுனது சரியில்லன்னா நாங்க என்ன பண்ண முடியும்?"

"அதையும் வந்து பாத்துட்டே சொல்லுங்க."

அவர் வாட்ச்சைப் பார்த்தார். கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. வேண்டா வெறுப்பாக வந்தார். டீச்சரின் சமையலறையில் நானும் அவரும் நின்றோம். வெளியே ரோலர் கிளம்பியது. தரையில் துடிப்பு ஏறியது. நான் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஓடவில்லை. பெயர்ந்த சுவரிலிருந்து மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. விரிசல் விரிகிறதா என்று பார்க்க அதன் குறுக்கே நான் முன்பே ஒட்டிவைத்திருந்த காகிதம் எங்கள் கண்முன்னாலேயே நடுவில் கிழிந்தது. அவர் முகம் மாறியது. என்னை முந்திக்கொண்டு வெளியே போய், கையை ஆட்டி வண்டியை நிறுத்தினார்.

"வைப்ரேட்டர ஆஃப் பண்ணுய்யா" என்றார் டிரைவரிடம்.

வீடுகள் இருக்கிற நீளத்துக்கு அதிர்வில்லாமல், மண்ணை மெல்லிசாகப் பரப்பி, அதிகத் தடவை ஓட்டி இறுக்கலாம். வேலை கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான் என்று பிறகு அவரே சொன்னார். முதலிலேயே செய்திருக்கலாமே என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். "தரை இப்படி இருக்கும்னு தெரியாதும்மா" என்றார். அதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே யாருக்குமே தெரியாது. அதுதான் சிக்கலே.

டீச்சர் வீட்டைக் காப்பாற்ற முடிந்தது. உடைந்த குழாயை எடுத்து, வளைந்து கொடுக்கிற இணைப்புகளோடு புதுக்குழாய் போட்டார்கள். அந்த ஒழுகல்தான் அடிமண்ணை இன்னும் இளக்கிக்கொண்டிருந்தது. போர்டிகோவை இடித்துவிட்டார்கள். சுவருக்கடியில் பகுதி பகுதியாகத் தோண்டி, கெட்டித் தரை வரை கான்கிரீட் இறக்கினார்கள். அது முடியும்வரை டீச்சர் எங்களோடு வாடகை வீட்டில் இருந்தார். அப்பாவும் அவரும் தினம் தாயம் ஆடினார்கள். தோற்றால் அப்பா அன்றைக்குக் காபி குடிக்க மாட்டார்.

எங்கள் வீட்டு வேலை தொடங்கியதும் அப்பா பழைய டிரைவராகிவிட்டார். விடிந்ததும் சைட்டில் இருப்பார். மண்ணை ஒரு சாண் உயரத்துக்கு மேல் கொட்ட விடமாட்டார். கொட்டு, தண்ணீர் தெளி, திமிசு போட்டு இடி, அப்புறம் அடுத்தது. மேஸ்திரி சலித்துக்கொண்டார். "அய்யா, ஊர்ல எல்லாரும் மொத்தமாக் கொட்டி ஒரே தடவையில தண்ணி விடுறாங்க" என்றார். அப்பா டீச்சர் வீட்டைக் கையால் காட்டினார். மேஸ்திரி திமிசைக் கையில் எடுத்தார்.

அஸ்திவாரம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கம்பி போட்டுக் கட்டினோம். ஜன்னலுக்கு மேலே வீட்டைச் சுற்றி இடுப்புப்பட்டை மாதிரி ஒரு கான்கிரீட் வளையம். மாடி இல்லை. அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, அவரே, "மாடி வேணாம் ஆத்தா, எனக்கும் முட்டி வலிக்குது" என்றார். முட்டிவலி அவருக்கு இருந்ததாக அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

குடிபோன பிறகும் எனக்கு மனசு அடங்கவில்லை. அந்தத் தெருவில் இன்னும் காலி மனைகள் இருந்தன. வருபவர்கள் சிவப்பு மண்ணைப் பார்த்து வாங்குவார்கள். பொறியாளர் பெண்ணை மறுபடியும் கூப்பிட்டேன். சாய்ந்த கம்பங்கள், சுவர் விரிசல்கள், ரோட்டில் தண்ணீர் தேங்கும் இடங்கள் எல்லாவற்றையும் பார்த்து, சந்தேகமான இடங்களில் குழாயை இறக்கி, பழைய பள்ளத்தின் கரை எங்கெங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்தாள். நானும் என் கணவரும் அப்பாவும் பின்னாலேயே போய், தெருவோரமாகக் கல் நட்டு வெள்ளையடித்தோம். ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். வைத்துக்கொள்ளுங்கள் என்றாரே தவிர, எழுதித் தரவில்லை.

மறுநாள் ஒரு கல்லைக் காணவில்லை. தெருக்கோடிக் காலி மனைக்காரர் பிடுங்கிப் போட்டிருந்தார். அறந்தாங்கிக்காரர், துபாயில் வெயிலில் நின்று சம்பாதித்து வாங்கிய மனை. அடுத்த தெருவில் அவர் குடியிருந்த வாடகை வீட்டு வாசலுக்குப் போனேன்.

"ஒங்களுக்கு என்னங்க, நீங்க கட்டி முடிச்சுட்டீங்க. என் எடத்து வெலைய ஏன் கெடுக்குறீங்க?" என்றார்.

"நான் கல்லப் போடலன்னா பள்ளம் இல்லாமப் போயிருமாண்ணே?"

"வாங்குறவன் பாத்துக்குவான்."

"டீச்சரு பாத்துத்தான் வாங்குனாங்க. எங்க அப்பாவும் பாத்துத்தான் வாங்குனாரு."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு விற்றவன் அவரிடமும் சொல்லவில்லையே. ஆனால் கல்லை மறுபடி நட்டேன். அதையும் பிடுங்கினார். அடுத்த முறை குழி தோண்டி, கான்கிரீட் போட்டு நட்டோம். அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்க வரவில்லை. அதன் பிறகு கடைத்தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் வணக்கம் சொல்வதை நிறுத்தவில்லை.

போன மாதம் அவர் மனையைப் பார்க்க திருமயம் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் வங்கி வேலை. கல்லைப் பார்த்துவிட்டு இது என்ன என்று எங்கள் வாசலில் கேட்டார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். பொறியாளரின் எண்ணையும் கொடுத்தேன். இனி வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். விலை பேசி, தெரிந்தே வாங்கினார்கள். இன்றைக்கு அங்கே ஜேசிபி நிற்கிறது. கொட்டிய மண்ணை அள்ளி அள்ளி லாரியில் ஏற்றுகிறார்கள். பழைய டயர் ஒன்று வெளியே வந்ததாக எதிர்வீட்டுப் பெண் வந்து சொல்லிவிட்டுப் போனாள். அப்பா காலைப் பலகாரத்தைக்கூட முடிக்காமல் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இங்கிருந்தே அவர் குரல் கேட்கிறது. ஓரமாக நிற்க வேண்டாம், சரியும் என்று மனை வாங்கிய அந்தப் பெண்ணிடம் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்.